மணி அடிக்காத ஞாயிறுகள்: மலையகப் பங்குகளுக்கு ஒரு நோய்க்கால வழிகாட்டி

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை கொரோனாவால் இலங்கை முழுக்க ஊரடங்கு வந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கத்தோலிக்கப் பங்கில் ஞாயிறு பூசை இல்லை என்று ஃபாதருக்குத் தெரியும், பங்குச் சபைச் செயலாளரான எனக்குத் தெரியும், வாட்ஸ்அப் குரூப்பில் இருந்த நாற்பது சொச்சம் பேருக்கும் தெரியும். மணி அடிக்கும் பையனிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவன் வழக்கம்போல ஆறரைக்குக் கயிற்றை இழுத்துவிட்டான். தோட்டத்தின் மேல் பகுதியான மேல் டிவிஷனிலிருந்து ஆச்சிமார் முக்காடு போட்டுக்கொண்டு குறுக்குப் பாதையால் இறங்கி வர, கீழே ரோட்டில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. ஃபாதர் ஓடிப்போய்ப் பேசி எல்லாரையும் திருப்பி அனுப்பினார். அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கத் திரும்பி ஏறிய ஒரு ஆச்சி என்னைப் பார்த்து, "பூசை இல்லைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?" என்று கேட்டார்.

இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியில் பிறந்தது. கொரோனா போய்விட்டது, சரி. ஆனால் டெங்கு இருக்கிறது, மண்சரிவுக்குப் பின் முகாமில் பரவும் வயிற்றுப்போக்கு இருக்கிறது, தோட்டத்து ஊற்றுத் தண்ணீர் கெட்டால் வரும் மஞ்சள் காமாலை இருக்கிறது. கோவிலை மூடச் சொல்லும் நாள் மறுபடி வரும். ஒரு டிவிஷனுக்கு மட்டும் வந்தாலும் வரும்.

படி 1: கொப்பி போடுங்கள்

நேரலைக்குக் கமரா வாங்குவதைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் 200 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். பங்குப் பதிவேடு இருக்கிறதே என்பீர்கள். அது திருமுழுக்கும் திருமணமும் தேடிப் பார்ப்பதற்கு. நமக்கு வேண்டியது லயம் லயமாக எழுதிய கொப்பி. லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு, காம்பரா அதில் ஒரு குடும்பம் இருக்கும் அறை. டிவிஷன், லய இலக்கம், காம்பரா இலக்கம், அந்தக் காம்பராவில் எத்தனை பேர். அறுபது தாண்டியவர் யார், பிரஷர், சீனி வியாதிக்கு மாதாந்தம் மருந்து எடுப்பவர் யார், கர்ப்பிணி யார். கொழும்பில் கடையிலோ வீட்டிலோ வேலை செய்து காசு அனுப்புபவர் யார். இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். ஊரடங்கிலும் கொழுந்து பறிக்க அனுமதி இருந்ததால் மலையில் பேர் விழுந்தவர்களுக்கு, அதாவது அன்றைய வேலை பதிவானவர்களுக்கு, கொஞ்சமாவது சம்பளம் வந்தது. கொழும்புக் காசை நம்பியிருந்த வீடுகளில்தான் அடுப்பு முதலில் அணைந்தது.

அப்புறம் போன். யாரிடம் இருக்கிறது என்பதோடு, எங்கே நின்றால் எந்த சிம்முக்கு சிக்னல் கிடைக்கிறது என்பதையும் எழுதுங்கள். எங்கள் கீழ் லயத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறி நின்றால்தான் இரண்டு கோடு விழும்.

ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பொறுப்பாளர். அன்பியத்தின், அதாவது பங்கின் அயலவர் செபக் குழுவின், தலைவராகவே இருக்க வேண்டும் என்றில்லை. எந்த வீட்டுக்குள்ளும் தயக்கமின்றி எட்டிப் பார்க்கக்கூடிய ஒரு ஆள், பெரும்பாலும் ஒரு அக்கா, இருப்பார். அவரைப் பிடியுங்கள். மணி அடிக்கும் பையனுக்குச் சொல்வதும் அந்த லயத்து அக்காவின் வேலை.

கொப்பியைப் படம் எடுத்துக் குரூப்பில் போடாதீர்கள். யாருக்கு என்ன வியாதி என்பது ஊர்ச் சொத்தல்ல.

படி 2: யார் சொல்வதைக் கேட்பது?

ஆயர் இல்லத்துச் சுற்றறிக்கை ஒன்று வரும், சுகாதாரப் பகுதியின் கட்டளை ஒன்று வரும், தோட்ட நிர்வாகமும் தன் பங்குக்கு ஒன்று சொல்லும். மூன்றில் எது கடுமையானதோ அதைப் பின்பற்றுங்கள். விவாதத்தை நோய் போனபின் வைத்துக்கொள்ளலாம்.

கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்கள் கண்டி மறைமாவட்டம். பதுளையும் மொனராகலையும் பதுளை மறைமாவட்டம். எல்லையில் உள்ள தோட்டங்களில் தங்கச்சி ஒரு மறைமாவட்டத்திலும் அக்கா மற்றதிலும் இருப்பார்கள். "அங்க பூசை நடக்குதாம், இங்க ஏன் இல்ல?" என்று கேள்வி வரும். மூடுவதும் திறப்பதும் அந்தந்த ஆயரின் தீர்மானம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

நோய்த்தடுப்புக் கட்டளைகளுக்குச் சட்டப் பின்னணி 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். களத்தில் அதைக் கொண்டுவருபவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது நம் வாயில் பி.எச்.ஐ. மாத்தயா. அவரோடு பேச ஒருவரை மட்டும் நியமியுங்கள். எட்டுப் பேர் எட்டுத் தடவை போன் எடுத்தால் ஒன்பதாவது அழைப்பை அவர் எடுக்க மாட்டார்.

படி 3: ஞாயிறை வீட்டுக்குள் கொண்டுவருதல்

கோவிலுக்குப் போக முடியாதபோது ஞாயிறு பூசைக் கடமை உங்களைக் கட்டாது. திருச்சபைச் சட்டம் 1248 அப்படிப்பட்ட நேரத்தில் தனியாகவோ குடும்பமாகவோ செபிக்கும்படி பரிந்துரைக்கிறது. "பாவமாகிவிடுமோ" என்று தூக்கம் கெட்ட எத்தனையோ பெரியவர்களை எனக்குத் தெரியும். முதல் செய்தியாக இதைச் சொல்லுங்கள்.

நேரலைப் பூசை நல்லதுதான். ஆனால் ஒரு போன், அதில் ஆன்லைன் வகுப்புப் பார்க்க வேண்டிய மூன்று பிள்ளைகள், டேட்டா முடியப்போகிறது என்ற நிலையில் அதை நம்பிப் பங்கை நடத்த முடியாது. கத்தோலிக்க வானொலியான வேரித்தாஸ் தமிழ்ப்பணியைச் சிற்றலையில் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் நம்மிடம் உண்டு. 2018 இல் அதுவும் இணையத்துக்குப் போய்விட்டது. ஆகவே கையிலிருக்கும் ஒரு பைபிளும் ஒரு மெழுகுதிரியும்தான் அடிப்படை. மற்றதெல்லாம் கிடைத்தால் லாபம்.

நேரத்தை லயத்தின் நடப்புக்கு ஏற்ப வையுங்கள். காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் செபத்துக்குக் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். வரவும் கூடாது, அன்றைய தண்ணீர் போய்விடும். மாலை ஆறரை, ஏழு மணி சரி.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் இப்படிச் செய்யலாம். அலுமாரி மேல் இருக்கும் மாதா படத்துக்கு முன் திரி ஏற்றுங்கள். சிலுவை அடையாளம். பாவங்களுக்காக மனம் வருந்தும் உத்தம மனஸ்தாப மந்திரம். அன்றைய நற்செய்தியை ஒரு பிள்ளை வாசிக்கட்டும். திக்கித் திக்கி வாசித்தாலும் பரவாயில்லை, திருத்தாதீர்கள். ஒரு நிமிடம் மௌனம். பிறகு ஒவ்வொருவரும் ஒரு மன்றாட்டு. சின்னவன் "நாய்க்குட்டிக்கு நல்லாகணும்" என்றாலும் எல்லாரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" சொல்லுங்கள். கர்த்தர் கற்பித்த செபம், அதன்பின் ஆன்மீக நற்கருணைச் செபம், அதாவது நற்கருணை வாங்க முடியாதபோது ஆண்டவரை மனதில் வரவேற்கும் செபம். முடிவில் அம்மாவோ அப்பாவோ பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கட்டும். இருபது நிமிடம் போதும்.

டி.வி.க்கு முன் ரொட்டி வைத்தால் அது நற்கருணை ஆகுமா என்று எங்கள் பங்கில் ஒருவர் உண்மையாகவே கேட்டார். ஆகாது. ஆனால் அப்படிக் கேட்ட பசியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

கோவிலில் ஒலிபெருக்கி இருந்தால் மலைப் பள்ளத்தாக்கு உங்களுக்கு உதவி. எங்கள் ஒலிபெருக்கியை எதிர் மலைப் பக்கம் திருப்பி வைத்தபோது மூன்று டிவிஷனுக்குச் செபமாலை கேட்டது. ஒரு வாரத்தில் இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், உட்கார்ந்து எல்லாரும் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். மாலை ஏழு மணி, இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். மாரியம்மன் கோவில் தலைவரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். லயத்தில் பெரும்பாலான வீடுகள் இந்து வீடுகள், சத்தம் அவர்கள் வீட்டுக்குள்ளும்தான் போகும். நாங்கள் கேட்டபோது அவர், "போடுங்க, எங்க ஆத்தாவும் அம்மைக்கு மருந்துக்காரிதானே" என்றார். சில நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் ஆமென் கேட்டது.

படி 4: நோய் வந்த வீடு

மலையகத்தில் நோய்க்காலம் என்றால் இதுதான் உண்மையான சோதனை. கொரோனா நாட்களில் ஒரு காம்பராவைத் தனிமைப்படுத்திக் கதவில் தாள் ஒட்டிவிட்டுப் போவார்கள். பதினான்கு நாள் வெளியே வரக் கூடாது. நல்லது. ஆனால் குழாய் லயத்துக்குப் பொது, கக்கூஸ் பக்கத்து வீட்டோடு பொது. வெளியே வராமல் எப்படித் தண்ணீர் எடுப்பது?

ஆகவே தாள் ஒட்டிய அன்றே லயப் பொறுப்பாளர் மூன்று விஷயங்களை ஏற்பாடு செய்ய வேண்டும். ஒன்று, தண்ணீர். காலையும் மாலையும் இரண்டு வாளி, கதவுக்கு வெளியே வைத்துவிட்டுக் கூப்பிட்டு விலகிப்போக ஒரு ஆள். இரண்டு, கக்கூஸ். ஒன்றை அந்த வீட்டுக்கு மட்டும் ஒதுக்க முடியுமா என்று அயலாரோடு பேசுங்கள், முடியாவிட்டால் நேரம் பிரித்துக் குளோரின் போட்டுக் கழுவ ஒழுங்கு செய்யுங்கள். மூன்று, மருந்து. கிளினிக் கொப்பியை வாங்கி ஆஸ்பத்திரிக்கோ தோட்ட டிஸ்பென்சரிக்கோ கொண்டுபோய் மாதாந்த மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். மூச்சுத் திணறல் என்றால் யோசிக்க வேண்டாம், 1990 சுவசெரிய அம்புலன்ஸ். தோட்டத்துப் பாதையில் வண்டி எந்த இடம் வரை வரும், அங்கிருந்து நோயாளியை யார் தூக்கி வருவது என்பதையும் முன்கூட்டியே கொப்பியில் எழுதி வையுங்கள்.

எங்கள் பங்கில் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் வைத்தது பதினாறு வயதுப் பெட்டை. கதவுக்கு எட்டடி தள்ளி நின்று, "அத்தை, தண்ணி" என்று கத்திவிட்டு, உள்ளே நாதாங்கி திறக்கும் சத்தம் கேட்கும்வரை நிற்பாள். கதவு திறந்தால்தான் போவாள். ஒரு நாள் திறக்கவில்லை. அவள் போட்ட சத்தத்தில்தான் உள்ளே காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்த அத்தையைப் பற்றித் தெரிந்தது.

இந்த மண்ணுக்கு இது புதிதல்ல. 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளிகளை வீட்டார் விட்டுப் போனபோது, அவர்களைத் தேடிப்போய்க் கஞ்சி கொடுத்ததும் இறந்தவர்களை அடக்கியதும் புனித யோசப் வாஸ் அடிகளும் அவரோடிருந்த அவரது மருமகன் யோசப் கர்வாலோ அடிகளும்தான். உளவாளி என்று சந்தேகித்துச் சிறையில் போட்ட இராச்சியத்தில் அவர் மதிப்புப் பெற்றதற்கு அந்தப் பணியும் காரணம். ஜனவரி 16 இல் அவர் திருநாளைப் பாட்டோடு கொண்டாடுகிறோம். அன்று பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

உலர் உணவு கொடுப்பதைப் பற்றி ஒரே ஒரு விஷயம். ஒரு அமைப்பு எங்கள் லயத்துக்குப் பொதி கொண்டுவந்து, வாங்கியவர்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தது. இரண்டு வீட்டார் பொதியை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பங்கு கொடுக்கும்போது கமரா வேண்டாம். இருட்டிய பின் கதவடியில் வைத்துவிட்டு வந்தால் போதும். கண்டி மறைமாவட்டத்தில் கரித்தாஸ் செட்டிக் போன்ற நிறுவனங்களிடம் உதவி கேட்கும்போதும் உங்கள் கொப்பிதான் கைகொடுக்கும். எத்தனை பேர், என்ன தேவை என்று பத்து நிமிடத்தில் சொல்லலாம்.

படி 5: அருட்சாதனங்கள்

பாவசங்கீர்த்தனத்தைப் போனில் செய்ய முடியாது. கோவில் கூண்டுக்குள்ளும் வேண்டாம், காற்று இல்லை. வெளியே ஒரு மரத்தடியில் இரண்டு கதிரை, ஆறடி இடைவெளி, இருவருக்கும் மாஸ்க், வரிசையில் நிற்பவர்களுக்குக் காதில் விழாத தூரம். குருவே வர முடியாத நிலை என்றால், கடவுள் மீதுள்ள அன்பினால் மனம் நொந்து, வாய்ப்புக் கிடைத்ததும் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியோடு உத்தம மனஸ்தாபப்பட்டால் மன்னிப்பு உண்டு. இது புதிதாகக் கண்டுபிடித்த சலுகை அல்ல, பழைய ஞானோபதேசத்திலேயே உள்ளது. 2020 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிசும் இதை நினைவுபடுத்தினார்.

நோயாளிக்கு எண்ணெய் பூசும் அருட்சாதனமான நோயில்பூசுதலைக் குரு மட்டுமே கொடுக்க முடியும். உபதேசியாரோ சிஸ்டரோ கொடுக்க முடியாது. தொற்று நோயாளிக்கு நெற்றியில் ஒரு தடவை பூசினாலே போதும், அதையும் பஞ்சு சுற்றிய குச்சியால் செய்யச் சட்டம் இடம் தருகிறது. பிறகு அந்தப் பஞ்சை எரித்துவிட வேண்டும். ஃபாதருக்கும் வயது ஆகிறது, சீனி வியாதி இருக்கலாம். அப்படியானால் அயல் பங்கிலிருந்து ஒரு இளம் குருவை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். குரு வந்து சேரும் முன் ஒருவர் இறந்துவிட்டால் வீட்டார் உடைந்துபோவார்கள். 2020 மார்ச் 20 இல் உரோமையின் பாவமன்னிப்புச் சலுகை மன்றம் வெளியிட்ட ஆணையை அவர்களுக்குச் சொல்லுங்கள். வாழ்நாளில் செபித்து வந்தவர், தகுந்த மனநிலையோடு இறக்கும்போது, பூசுதல் கிடைக்காவிட்டாலும் நிறைபேறு பலன், அதாவது பாவத்துக்கான தண்டனை முழுதும் நீங்கும் பலன், பெறுகிறார்.

குழந்தைக்கு உயிராபத்து என்றால் யாரும் திருமுழுக்குக் கொடுக்கலாம், நர்ஸ் அக்கா இந்துவாக இருந்தாலும் சரி. நெற்றியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். திருச்சபை செய்ய நினைப்பதைச் செய்யும் எண்ணம் இருந்தால் போதும்.

படி 6: சாவு வீடு

தோட்டத்தில் சாவு என்றால் லயமே வந்துவிடும். தப்புச் சத்தம், இரவு முழுக்கத் தேத்தண்ணி, செபமாலைக்கு மேல் செபமாலை. நோய்க்காலத்தில் முதலில் போவது இதுதான், ஆறாமல் நிற்பதும் இதுதான்.

கொரோனாவில் இறந்தவர்களை எரிக்க மட்டுமே வேண்டும் என்ற விதி 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை இருந்தது. அதில் அதிகம் காயப்பட்டவர்கள் முஸ்லிம் மக்கள். நம்மிலும் புதைத்தே பழகிய குடும்பங்கள் தவித்தன. கத்தோலிக்கருக்கு உடலை எரிக்க 1963 முதல் அனுமதி உண்டு, ஆன்மாவுக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை என்று வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். சாம்பல் கிடைத்தால் அதை வீட்டு அலுமாரியில் வைக்கவோ ஆற்றில் கரைக்கவோ வேண்டாம். கல்லறைத் தோட்டத்தில், அந்தக் குடும்பத்துக் குழியிலேயே ஃபாதர் செபம் சொல்லிப் புதைக்கலாம். ஒரு குரோட்டன் செடி நட்டு, பெயர் எழுதிய சிலுவை வையுங்கள். போய் நிற்க ஒரு இடம் வேண்டும்.

உடலைப் பார்க்க முடியாத வீட்டுக்கு எட்டு நாளும் ஒரு ஆள் போன் எடுக்க வேண்டும். ஆறுதல் வார்த்தை தேடாதீர்கள். இறந்தவரைப் பற்றி ஒரு கதை கேளுங்கள், அவர்களே பேசுவார்கள். முப்பதாம் நாளையும் வருஷத்தையும் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். அடக்கத்துக்கு வர முடியாத லயம் வருஷப் பூசைக்கு வரலாம்.

படி 7: பெரிய வாரம்

2020 மார்ச்சில் உரோமை தந்த வழிமுறைகளின்படி பாதம் கழுவும் சடங்கு விடப்பட்டது, பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையை முத்தமிட்டது வழிபாட்டை நடத்தும் குரு மட்டும். வீட்டில் நாம் செய்யக்கூடியது நிறைய இருந்தது. நுவரெலியாப் பக்கம் தென்னை கிடையாது, குருத்தோலை கீழிருந்து லொறியில் வர வேண்டும். ஊரடங்கில் லொறியும் இல்லை. சைப்ரஸ் கொப்பை ஒடித்து வாசலில் கட்டினோம்.

பெரிய வியாழன் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மலையிலிருந்து வந்த பக்கத்துக் காம்பரா அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்தார். அட்டை கடித்த இடத்தில் இரத்தம் கெண்டைக்காலில் கோடாக இறங்கி, சேற்றோடு காய்ந்திருந்தது. மகன் பேசினில் சுடுதண்ணீர் கொண்டுவந்து, கொஞ்சம் உப்புப் போட்டு, காலைக் கழுவினான். "விடுடா, கூச்சமா இருக்கு" என்றார் அவர். அவன் விடவில்லை.

அடுத்த வருடம் விபூதிப் புதனுக்கு வேறு முறை வந்தது. குரு வாசகத்தை ஒரே தடவை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, கை கழுவி, மாஸ்க் போட்டு, பேசாமல் சாம்பலைத் தருவார். இன்னொரு நோய்க்காலம் வந்தால் இதையே திரும்பப் பயன்படுத்தலாம்.

படி 8: மறுபடி திறக்கும்போது

முதலில் கணக்குப் போடுங்கள். 24 வாங்கு (பெஞ்சு) உள்ள கோவில் என்றால் ஒன்றுவிட்டு ஒன்றாக 12 வாங்கு, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு வாங்குக்கு இரண்டு பேர். ஆக 24 பேர். ஒரே வீட்டார் சேர்ந்து உட்காரலாம் என்பதால் கொஞ்சம் கூடும். முந்நூறு குடும்பத்துக்கு இது எந்த மூலைக்கு? லயங்களுக்கு முறை வைத்து, வார நாளிலும் பூசை வையுங்கள். "முதலில் வருபவருக்கு இடம்" என்று விட்டால் கோவிலுக்குப் பக்கத்து லயமே எப்போதும் உள்ளே இருக்கும், மேல் டிவிஷன் ஆச்சி மறுபடி வாசலில் நிற்பார்.

குளிருக்குப் பயந்து யன்னலை மூடாதீர்கள். பனி உள்ளே வந்தாலும் வரட்டும், ஸ்வெட்டர் போட்டு வரச் சொல்லிவிட்டுப் பூசையைச் சுருக்குங்கள். தீர்த்தத் தொட்டி காலியாக இருக்கட்டும், போத்தல் கொண்டுவந்தால் வீட்டுக்கு ஊற்றிக் கொடுங்கள். சமாதானத்துக்குக் கைகூப்பினால் போதும், நமக்கு அது பழக்கம்தானே. பாட்டுக்கு ஒரே குரல். சானிட்டைசர் தடவிய கை காயும் முன் யாரும் மெழுகுதிரி ஏற்றக் கூடாது. எங்கள் பீடப்பையன் ஒருவன் விரலைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் இது எங்களுக்கு உறைத்தது.

மூன்று ஞாயிறு போனபின் கொப்பியை எடுத்து, தங்கள் முறை வந்தும் இன்னும் வராதவர்களின் பெயரை வட்டமிடுங்கள். சிலருக்குப் பயம், சிலருக்கு டி.வி. பூசை வசதியாகிவிட்டது, சிலர் கடன்பட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். பொறுப்பாளரோடு வீட்டுக்குப் போங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு மணி அடிக்கும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.